மாட்டு ஆல்புமினோடு நின்றுவிடாதீர்கள்: குமரி மாவட்ட நானோ ஆய்வாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

நம் மாவட்டத்துக் கல்லூரிகளில் கார்பன் டாட், குவாண்டம் டாட், தங்க நானோ கொத்து என்று ஒளிரும் துகள்களைச் செய்து, அதை வைத்து உடம்புத் திரவங்களில் புரதம் கண்டுபிடிக்கலாம் என்று ஆய்வு செய்துகொண்டிருக்கும் பேராசிரியர்களுக்கும், அவர்களிடம் படிக்கும் பிள்ளைகளுக்கும் இதை எழுதுகிறேன். எந்தக் கல்லூரி, எந்தத் துறை என்று பெயர் சொல்லப்போவதில்லை. ஒரு இடத்தை மட்டும் சுட்டிச் சொல்ல வேண்டிய விஷயமும் இல்லை இது.

நான் குளச்சல் பக்கம் ஒரு சின்ன லேபில் பத்தொன்பது வருஷமாக டெக்னீஷியன். டி.எம்.எல்.டி. படித்தவள். காலை ஆறரைக்கு ஷட்டரைத் தூக்கும்போதே வெறும் வயிற்றோடு சுகர் பார்க்க வந்தவர்கள் படியில் உட்கார்ந்திருப்பார்கள். இராத்திரி முழுக்கக் கடலில் கிடந்துவிட்டு உப்பு காய்ந்த சட்டையோடு நேராக வருகிறவர்கள், முந்திரி ஆலைக்குப் போகிற வழியில் வருகிற பெண்கள், மீன் கூடையை வெளியே வைத்துவிட்டு அவசரமாகக் கையை நீட்டுகிறவர்கள் என்று எல்லாரும் வருவார்கள். இரத்தம், சிறுநீர், சளி, சில நாள் நெஞ்சிலோ வயிற்றிலோ கட்டிய நீர் என்று நீங்கள் கட்டுரையில் ஒரே சொல்லில் 'உயிரியல் திரவங்கள்' என்று எழுதுகிற எல்லாமே என் மேசையில் ஒவ்வொரு நாளும் வேறு வேறு நிறத்திலும் நாற்றத்திலும் வந்து சேர்கின்றன. அந்த அனுபவம் ஒன்றுதான் உங்களிடம் பேச எனக்கிருக்கும் தகுதி.

என் அக்கா மகள் நானோ வேதியியலில் பிஎச்.டி. செய்கிறாள். போன ஆனி மாதம் ஒரு சின்ன கண்ணாடிக் குப்பியைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு லேபுக்கு வந்தாள். மட்டிப்பழத் தோலைக் கழுவி, காயவைத்து, டெஃப்லான் குடுவையில் தண்ணீரோடு போட்டு, அதை எவர்சில்வர் உறைக்குள் இறுக்கி மூடி, 180 டிகிரியில் பன்னிரண்டு மணி நேரம் அடுப்பில் வைத்து, பிறகு வடிகட்டி எடுத்ததாம். பார்த்தால் நேர்த்த கட்டன் சாயா மாதிரி இருந்தது. "சித்தி, லைட்டை அணைங்க" என்றாள். மாதிரி எடுக்கிற சின்ன அறையின் கதவைச் சாத்திவிட்டு, கள்ளநோட்டு பார்க்கிற புற ஊதா டார்ச்சை அதன்மேல் அடித்தாள். அந்தச் சாயாத் தண்ணீர் சட்டென்று நீலமாக எரிந்தது. எனக்குப் புல்லரித்துவிட்டது. வாழைத்தோலுக்குள் இவ்வளவு வெளிச்சம் ஒளிந்திருக்கிறது என்று யார் நினைப்பார்கள்?

அப்புறம் அவள் வரைபடத்தைக் காட்டினாள். மாட்டு ஆல்புமினை, அதாவது மாட்டு இரத்தத்திலிருந்து எடுக்கிற, நீங்கள் பி.எஸ்.ஏ. என்று சொல்கிற புரதத்தை, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கச் சேர்க்க நீல ஒளி மங்கிக்கொண்டே போகிறது, புள்ளிகள் நேர்கோட்டில் உட்காருகின்றன, லிட்டருக்கு 2 நானோமோல் வரைக்கும் கண்டுபிடிக்கலாம் என்று கணக்கு. நல்ல வேலைதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அது முழுக்க பஃபர் என்கிற, அமிலத்தன்மை மாறாமல் நிற்கும் கரைசலில் செய்தது. சுத்தமான தண்ணீர், பி.எச். 7.4, அதில் ஒரே ஒரு புரதம்.

"சிறுநீரில் வைத்துப் பார்த்தாயா?" என்று கேட்டேன். பார்த்தாளாம். கூடப் படிக்கிற ஆரோக்கியமான பிள்ளை ஒருத்தியின் சிறுநீரை நூறு மடங்கு நீர்க்க வைத்து, அதில் தெரிந்த அளவு மாட்டு ஆல்புமினைக் கலந்து, திரும்ப அளந்தால் 98 சதவீதம், 101 சதவீதம் என்று வந்ததாம். நீங்கள் எழுதுகிற கட்டுரைகளின் கடைசிப் பக்கத்தில் இந்த அட்டவணை இல்லாமல் இருக்காது, அதனால் அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

மறுநாள் அவளை மறுபடி வரச் சொன்னேன். பரிசோதனை முடிந்து கொட்டப்போகிற சிறுநீர்க் குழாய்கள் பன்னிரண்டை, அவரவரிடம் கேட்டுச் சம்மதம் வாங்கி, பெயர் ஒட்டாமல் ஸ்டாண்டில் வரிசையாக வைத்திருந்தேன். கதவைச் சாத்திவிட்டு அதே டார்ச்சை அடித்தோம். எல்லாமே ஒளிர்ந்தன, அவளுடைய துகளில் ஒரு சொட்டுகூடச் சேர்க்காமலே. சிலது மங்கலான நீலம், சிலது வெள்ளை கலந்த நீலம். ஒன்று மட்டும் பச்சை கலந்த மஞ்சளாகப் பளிச்சென்று எரிந்தது, அது பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை போடுகிற ஒரு அம்மாவுடையது, அந்த மாத்திரையில் உள்ள ரைபோஃப்ளேவின் அப்படித்தான் ஒளிரும். மஞ்சள் காமாலைக்காரர் ஒருவருடையது கருத்துப்போய் டார்ச் வெளிச்சத்தையே விழுங்கிவிட்டது. அவள் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "சித்தி, இதுல என் நீலம் எங்கே இருக்கு?" என்று கேட்டாள்.

இந்தக் கேள்வியை உங்கள் எல்லாருடைய மேசையிலும் கொண்டுவந்து வைக்கத்தான் இந்த மடல்.

ஒளி மங்குவதை வைத்து அளக்கிற முறையில் ஒரு பெரிய சங்கடம் இருக்கிறது. வீட்டில் பல்பு அணைந்தால் கரண்ட் போயிருக்கலாம், பல்பு பீஸ் போயிருக்கலாம், சுவிட்ச் கெட்டிருக்கலாம். அணைந்தது என்ற ஒன்றை வைத்து எது காரணம் என்று சொல்ல முடியாது. நீல கார்பன் டாட் இரும்பு அயனியைக் கண்டாலும் மங்குகிறது, செம்பைக் கண்டாலும் மங்குகிறது, பாதரசத்தைக் கண்டாலும் மங்குகிறது. இந்த ஒவ்வொன்றுக்கும் 'உணரி' (சென்சார்) என்று தனித்தனியாகக் கட்டுரைகள் இருக்கின்றன. எங்களிடம் வருகிறவர்கள் இரும்புச் சத்து மாத்திரை போடுவார்கள், ஆன்டிபயாடிக் போடுவார்கள், என்னவென்று பெயர் தெரியாத கஷாயமும் குடித்திருப்பார்கள். போதாததற்கு, சிறுநீரின் மஞ்சள் நிறமே நீங்கள் அடிக்கிற புற ஊதா ஒளியைப் பாதி வழியில் உறிஞ்சிக்கொள்ளும். விளக்குக்கு முன்னால் ஒரு கிளாஸ் கட்டன் சாயாவை வைத்துவிட்டு விளக்கு மங்கிவிட்டது என்று சொல்வது மாதிரிதான் அது. உள் வடிகட்டல் விளைவு என்று இதற்குப் பெயர் இருப்பதும், அதற்குத் திருத்தக் கணக்கு இருப்பதும் உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு கட்டுரையிலும் அந்தத் திருத்தத்தைச் செய்து காட்டுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

இப்போது அந்த 2 நானோமோலுக்கு வருகிறேன். இங்கேதான் எனக்கு உண்மையான ஆதங்கம்.

சுகர் இருக்கிறவருக்குச் சிறுநீரகம் கெட ஆரம்பிக்கிறதா என்று பார்க்க, சிறுநீரில் ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு (தசையிலிருந்து தினமும் ஏறக்குறைய ஒரே அளவில் சிறுநீரில் வரும் கழிவு) எத்தனை மில்லிகிராம் ஆல்புமின் என்று டாக்டர் பார்ப்பார். 30-க்குக் கீழே இருந்தால் சரி. 30-லிருந்து 300 வரை இருந்தால் ஆரம்பக் கட்டம், அந்த நேரத்தில் பிடித்தால் மாத்திரை, சாப்பாடு, பிரஷர் கட்டுப்பாடு என்று பல வருஷம் காப்பாற்றலாம். 300-க்கு மேலே போனால் கஷ்டம். கிரியேட்டினின் லிட்டருக்கு ஒரு கிராம் என்று வைத்துக்கொண்டால், அந்த 30 மில்லிகிராம் எவ்வளவு? மனித ஆல்புமினின் மூலக்கூறு எடை சுமார் 66,500. வகுத்துப் பாருங்கள், ஏறக்குறைய 450 நானோமோல் வரும். டாக்டர் கேட்கிற வாசல் அங்கே இருக்க, நீங்கள் 2-க்கும் 0.8-க்கும் போட்டி போடுகிறீர்கள். நூறு மடங்கு நீர்த்தால் 450 என்பது 4.5 ஆகிவிடும், அப்போது அந்த 2 பயன்படும் என்று அக்கா மகள் சொன்னாள். அது நியாயம்தான். ஆனால் நூறு மடங்கு நீர்த்தபோது நீங்கள் செய்த சின்னத் தவறும் திரும்பப் பெருக்கும்போது நூறு மடங்காகும். பைப்பெட் பிடித்துப் பிடித்துத் தோள்பட்டை தேய்ந்தவர்களிடம் கேட்டால் இன்னும் தெளிவாகச் சொல்வார்கள்.

அப்போ நுணுக்கமே வேண்டாமா என்றால், வேண்டும், வேறு இடத்தில் வேண்டும். நெஞ்சுவலி என்று வருகிறவருக்குப் பார்க்கிற டிரோபோனினை, அதாவது இதயத் தசை அடிபட்டால் இரத்தத்தில் கசிகிற புரதத்தை, எடுத்துக்கொள்ளுங்கள். இன்று பெரிய ஆஸ்பத்திரிகளில் பயன்படும் ஒரு டிரோபோனின்-டி பரிசோதனையில் எல்லைக்கோடு லிட்டருக்கு 14 நானோகிராம். மோல் கணக்கில் அது ஒரு பிக்கோமோலில் பாதிகூட இல்லை. அதே இரத்த சீரத்தில் ஆல்புமின் லிட்டருக்கு 40 கிராம் போல மிதக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தேன், சுமார் 150 கோடி ஆல்புமின் மூலக்கூறுகளுக்கு நடுவே ஒரு டிரோபோனின். இந்த நாட்டு ஜனத்தொகை முழுவதிலும் ஒரே ஒரு ஆளைத் தேடுகிற மாதிரி. அங்கே நீங்கள் பிக்கோமோலுக்கும் கீழே இறங்கினால் அது உயிர் காக்கும். அப்படி இறங்கினாலும், அந்த 150 கோடி பேரும் உங்கள் துகளின் மேலே வந்து ஒட்டிக்கொண்டு போர்வை போட்டுவிடுவார்கள், நீங்களே 'புரத வளையம்' என்று சொல்கிறீர்களே, அதுதான். எந்தப் புரதம், எந்தத் திரவம், எந்த அளவு, யார் கேட்கிறார்கள் என்பதை முதலில் தீர்மானித்துவிட்டுத் துகளைச் செய்யப் போனால் எவ்வளவு நன்றாக இருக்கும். துகளைச் செய்துவிட்டு, இதற்கு எது மங்குகிறது பார்ப்போம் என்று அலமாரியில் உள்ள குப்பியை எல்லாம் ஒவ்வொன்றாக ஊற்றிப் பார்ப்பதால்தான் பாதிப் பேரின் உழைப்பு வீணாகிறது.

எங்களுக்கு ஏன் இது இவ்வளவு முக்கியம் என்று ஒரு ஆளைச் சொல்கிறேன். விசைப்படகில் போகிறவர், ஐம்பத்திரண்டு வயது, ஒன்பது வருஷமாகச் சுகர். மாசா மாசம் இரத்தத்தில் சுகர் பார்ப்பார், தவற மாட்டார். சிறுநீரை எப்போதாவது வேறொரு இடத்தில் நிறம் மாறும் சோதனைப் பட்டையை நனைத்துப் பார்த்து 'இல்லை' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு நாள் என்னிடம் வந்து ஒரு பழைய டானிக் குப்பியை நீட்டினார். "மக்ளே, நுரை மட்டும்தான் வருது, வேற ஒண்ணும் இல்ல." குப்பியைக் குலுக்காமலே நுரை கழுத்துவரை நின்றது. பட்டையை நனைத்தேன், முழுப் பச்சையாக மாறியது. குப்பியில் மிச்சம் இருந்த டானிக்கும் கலந்திருக்குமே என்று புது டப்பா கொடுத்து மறுபடி எடுத்துவரச் சொன்னேன், அதிலும் அதே பச்சை. இரத்தத்தில் கிரியேட்டினின் 4.8. இப்போது வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ். படகை விற்றாகிவிட்டது.

அந்தப் பட்டையை நான் திட்டவில்லை. மஞ்சள் நிறச் சாயம் ஒன்றைத் தாளில் ஏற்றியிருப்பார்கள், புரதம் வந்தால் அது பச்சையாக மாறும், மலிவு, ஒரு நிமிஷம் போதும். அதன் வரலாறும் சாதாரணமில்லை. ரிச்சர்ட் பிரைட் என்ற ஆங்கில டாக்டர் 1827-ல், உடம்பு வீங்கிய நோயாளிகளின் சிறுநீரை மெழுகுவர்த்தி மேல் கரண்டியில் சூடாக்கி, வெள்ளையாகத் திரிவதைப் பார்த்துச் சிறுநீரக நோயோடு சேர்த்து எழுதினார். நான் படித்தபோதுகூடச் சிறுநீரைக் காய்ச்சி இரண்டு சொட்டு அசெட்டிக் அமிலம் விடுகிற டெஸ்ட் இருந்தது. ஆனால் அந்தப் பட்டை லிட்டருக்கு 150, 200 மில்லிகிராம் போல இருந்தால்தான் தெளிவாக நிறம் மாறும். 30-லிருந்து 150 வரைக்கும் உள்ள அந்த இடைவெளியில்தான் எங்கள் ஆட்கள் கண்ணுக்குத் தெரியாமல் கடந்து போய்க்கொண்டிருக்கிறார்கள். அந்த இடைவெளியைப் பார்க்கிற முறை இல்லாமல் இல்லை, ஆன்டிபாடி (குறிப்பிட்ட ஒரு புரதத்தை மட்டும் போய்ப் பிடிக்கிற புரதம்) போட்டுக் கலங்கலை அளக்கிற மெஷின்கள் பெரிய லேபுகளில் இருக்கின்றன. எங்களைப் போன்ற இடத்திலிருந்து மாதிரி நாகர்கோவிலுக்குப் போய் முடிவு வர வேண்டும், காசும் கூடுதல், அதனால் பாதிப் பேர் "அடுத்த மாசம் பாக்கலாம்" என்று போய்விடுவார்கள்.

தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியதிலிருந்து வீட்டு வாசலிலேயே சுகரும் பிரஷரும் பார்க்கிறார்கள், மாத்திரையும் கொடுக்கிறார்கள். அவர்கள் கொண்டுவருகிற பையில் இன்னொரு பட்டைக்கு இடம் இருக்கிறது. 30 மில்லிகிராமில் ஒளிரத் தொடங்கும் ஒரு தாள், அதைப் பார்க்க ஒரு சின்ன விளக்கு, கூடவே கிரியேட்டினினுக்கு ஒரு கட்டம். இதை நம் மாவட்டத்திலேயே செய்ய முடியாதா?

கிரியேட்டினின் கட்டம் ஏன் என்று பிள்ளைகள் கேட்கலாம். ஆழ்கடலுக்குப் போய் மூன்று நாள் தண்ணீரைக் கணக்குப் பார்த்துக் குடித்தவரின் சிறுநீர் எண்ணெய் மாதிரி இருக்கும். வருகிற வழியில் இரண்டு இளநீர் குடித்தவருடையது வெறும் தண்ணீர். ஆல்புமினை மட்டும் அளந்தால் முதலாமவர் நோயாளியாகத் தெரிவார், இரண்டாமவர் தப்பித்துவிடுவார், உண்மை தலைகீழாக இருக்கலாம். காய்ச்சல், மூத்திரக் கடுப்பு, கடுமையான வேலை இதெல்லாம் இருந்தாலும் ஆல்புமின் கொஞ்ச நாள் ஏறி இறங்கும். அதனால்தான் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மூன்று தடவை பார்த்து, இரண்டில் ஏறியிருந்தால் மட்டும் உறுதி செய்கிறார்கள். மலிவாக ஒரு பட்டை வேண்டும் என்று நான் கெஞ்சுவதற்கு அதுவும் ஒரு காரணம், ஒரே ஆளுக்கு மூன்று தடவை செலவாகும்.

உங்கள் துகள்கள் மேல் எனக்கு நம்பிக்கை இல்லாமல் இதையெல்லாம் எழுதவில்லை. நம்பிக்கை நிறையவே இருக்கிறது, அதற்கு ஒரு காரணம் 2017 நவம்பர் 30. ஒக்கி புயல் அடித்த அந்த நாளுக்குப் பிறகு எங்கள் பக்கம் ஒரு வாரத்துக்கு மேல் கரண்ட் இல்லை. ஃபிரிட்ஜில் இருந்த ஆன்டிபாடி கிட் எல்லாம் கெட்டது. இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் வைக்காவிட்டால் அவை தாங்காது. கடலில் காணாமல் போனவர்களைத் தேடிக் கரையில் நின்ற குடும்பங்களில் பலர் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரிக்கு வந்த நாட்கள் அவை, அந்த நேரத்தில் எங்களால் பாதி டெஸ்ட் செய்ய முடியவில்லை. போன ஆனியில் அக்கா மகள் குப்பியைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் வந்தாள் பாருங்கள், ஐஸ் இல்லை, பெட்டி இல்லை, அப்படியும் அது எரிந்தது. அது எனக்கு அவள் காட்டிய வரைபடத்தைவிடப் பெரிதாகப் பட்டது.

ஆன்டிபாடி செய்கிற ஆள் அடையாளம் காணும் வேலையை வேறு எதாவது செய்ய முடிந்தால், குளிர்பெட்டி இல்லாத பட்டை கைக்கு வந்துவிடும். ஆப்டமர் என்கிற சின்ன டி.என்.ஏ. இழைகள் ஒரு வழி. இன்னொன்று அச்சுப் பதித்த பாலிமர். ஆல்புமினைச் சுற்றிப் பாலிமரை உறையவைத்து, பிறகு ஆல்புமினைக் கழுவி எடுத்துவிட்டால் அதன் வடிவத்தில் குழி மிஞ்சும், ஈர மணலில் சிப்பியை அழுத்தி எடுத்த மாதிரி, அந்தக் குழிக்கு அடியில் உங்கள் ஒளிரும் துகள். புரதம் மெத்தென்ற பொருள், அச்சில் நசுங்கும், முழுதாகக் கழுவி எடுப்பதும் கஷ்டம் என்று படித்தேன். கஷ்டமான வேலைக்குத்தானே ஆய்வு என்று பெயர்.

நீலத்தை விட்டுச் சிவப்புக்கு வாருங்கள் என்றும் கேட்கிறேன். சிறுநீரின் சொந்த ஒளி நீலத்திலும் பச்சையிலும்தான் அதிகம், சிவப்புப் பக்கம் அது அடங்கிவிடும். 2009-ல் தங்க உப்பையும் இதே மாட்டு ஆல்புமினையும் உடம்புச் சூட்டில், 37 டிகிரியில், பன்னிரண்டு மணி நேரம் வைத்தே 25 தங்க அணு கொண்ட கொத்தைச் செய்து, அது 640 நானோமீட்டரில் சிவப்பாக ஒளிர்வதைக் காட்டினார்கள். 180 டிகிரி அடுப்புகூடத் தேவைப்படவில்லை. முடிந்தால் மங்குகிற உணரியை விட்டு, புரதம் வந்தால் எரிகிற உணரியாகச் செய்யுங்கள். இருட்டில் ஒரு விளக்கு எரிந்தால் யாரும் பார்ப்பார்கள், எரிகிற விளக்கு இரண்டு சதவீதம் மங்கினால் யார் பார்ப்பார்கள்?

இன்னொரு வழி நம் காலடியிலேயே கிடக்கிறது. மணவாளக்குறிச்சி மணல். 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்து அதில் மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார் என்று நம் ஊர்ப் பிள்ளைகளுக்கே பலருக்குத் தெரியாது. அந்த மோனசைட்டில் தோரியத்தோடு சீரியம், லாந்தனம், நியோடிமியம் என்று அரிய மண் தனிமங்கள் இருக்கின்றன. இந்தக் குடும்பத்தில் ஒருவர்தான் யூரோப்பியம், நம் மணலில் அது சொற்பம்தான். அதன் ஒளிக்கு ஒரு குணம் உண்டு. சிறுநீரின் சொந்த ஒளி சில நானோநொடிகளில் செத்துவிடும், யூரோப்பியச் சேர்மத்தின் ஒளி நூற்றுக்கணக்கான மைக்ரோநொடி நீடிக்கும். கைதட்டிய சத்தம் உடனே போய்விடும், கோவில் மணியின் ரீங்காரம் நிற்கும். ஒளியை அடித்து, ஒரு கணம் பொறுத்து, பிறகு பார்த்தால் மிச்சம் இருப்பது முழுக்க யூரோப்பியம். இதே குடும்பத்து இட்டெர்பியத்தையும் எர்பியத்தையும் வைத்துச் செய்கிற துகள்கள் 980 நானோமீட்டர் அகச்சிவப்பை வாங்கிப் பச்சையாகவும் சிவப்பாகவும் திருப்பித் தரும், அகச்சிவப்பில் சிறுநீர் ஒளிரவே ஒளிராது. மணல் எடுப்பதைப் பற்றிக் கடற்கரை மக்களுக்கு இருக்கிற பயமும் கோபமும் தனி விஷயம், அந்தப் பயம் எனக்கும் உண்டு. நான் சொல்ல வருவது வேதியியலை. ஒளியும் மணலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற ஊரில் பிறந்துவிட்டு நாம் ஏன் வாழைத்தோல் நீலத்தோடு நின்றுவிடுகிறோம்?

இதெல்லாம் நடக்காத கனவும் இல்லை. எங்கள் லேபிலேயே ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது, கோவிட் நேரத்தில் சி.ஆர்.பி.யும் (உடம்பில் அழற்சியைக் காட்டுவது) டி-டைமரும் (இரத்தம் கட்டுவதைக் காட்டுவது) பார்க்க வாங்கியது. அதன் பட்டைக்குள் ஒளிரும் துகள்களில் ஆன்டிபாடியை ஒட்டி வைத்திருக்கிறார்கள், இரத்தத்தை விட்டு, நேரம் முடிந்ததும் உள்ளே தள்ளினால் எண் வந்துவிடும். யூரோப்பியம் வைத்த துகள், குவாண்டம் டாட் வைத்த துகள் என்று பல கம்பெனிகள் செய்கின்றன. அதாவது ஒளிரும் நானோ துகள் ஏற்கெனவே எங்கள் மேசைக்கு வந்துவிட்டது, விலையோடும் ஃபிரிட்ஜோடும் வந்திருக்கிறது. அந்த இரண்டையும் கழட்டித் தருவது உங்களால் முடியும் என்று நினைக்கிறேன். 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீதம் எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலில் நின்ற மாவட்டம் நம்முடையது, வேதியியல் படித்த பிள்ளை இல்லாத தெரு இங்கே குறைவு.

கேட்மியம் வைத்த குவாண்டம் டாட் செய்கிறவர்களிடம் ஒன்று மட்டும். 2023-ல் நோபல் வாங்கிய பொருள்தான், பெருமைதான். ஆனால் கழுவிய தண்ணீரை தயவுசெய்து சிங்க்கில் ஊற்றாதீர்கள். நம் ஊரில் சிங்க்குக்கும் குளத்துக்கும் இடையில் தூரம் ரொம்பக் குறைவு.

சரி, எனக்கு உங்களிடமிருந்து என்ன வேண்டும் என்று நேராகவே சொல்லிவிடுகிறேன். உங்கள் அடுத்த உணரியை ஒரு ஆரோக்கியமான மாணவியின் நீர்த்த சிறுநீரில் பார்த்துவிட்டு முடித்துவிடாதீர்கள். மருத்துவக் கல்லூரியோ ஆஸ்பத்திரியோ எதோடாவது சேர்ந்து, நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்கி, ஐ.சி.எம்.ஆர். என்கிற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-ல் கொடுத்த வழிகாட்டுதல்படி ஆட்களிடம் எழுத்தில் சம்மதம் வாங்கி, சுகர்காரர்கள், காமாலைக்காரர்கள், மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கர்ப்பிணிகள் என்று நூறு பேருடையதையாவது அப்படியே பாருங்கள். ஒவ்வொரு மாதிரியையும் பெரிய லேபின் கலங்கல் அளவோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். பட்டையை ஆனி ஆடிச் சாரலிலும் ஐப்பசி மழையிலும் திறந்த அலமாரியில் ஒரு மாதம் போட்டுவிட்டுப் பிறகு அளந்து பாருங்கள், இரண்டு பருவமழையும் நனைக்கிற ஊர் இது. எந்த மாதிரியில் தோற்றது, ஏன் தோற்றது என்பதையும் எழுதுங்கள். தோற்றதை எழுதினால் பேப்பர் போடமாட்டார்கள், பேப்பர் இல்லாவிட்டால் வேலை இல்லை என்று அக்கா மகள் சொல்கிறாள். அந்தக் கஷ்டம் பிள்ளைகளுடைய தோளில் மட்டும் இறங்கக் கூடாது. வழிகாட்டும் பேராசிரியர்கள்தான் அதைத் தாங்கிக்கொண்டு, 'இது இன்னும் வேலை செய்யவில்லை, ஆறு மாதம் எடுத்துக்கொள்' என்று சொல்ல வேண்டும்.

சோமர்வெல் என்ற அறுவை மருத்துவர் 1922-ல் எவரெஸ்ட் ஏறப் போனவர், திரும்பும் வழியில் நெய்யூர் ஆஸ்பத்திரிக்கு வந்து, அங்கே காத்துக் கிடந்த கூட்டத்தைப் பார்த்துவிட்டு லண்டன் வேலையை விட்டுவிட்டு இங்கேயே வேலை செய்ய வந்தார். உங்களை யாரும் அவ்வளவு கேட்கவில்லை. ஒரு நாள் காலை வந்து எங்கள் லேப் படியில் உட்கார்ந்திருக்கிறவர்களைப் பாருங்கள், அவர்கள் கையில் என்ன குப்பி வைத்திருக்கிறார்கள், என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று பேசிப் பாருங்கள். ஒன்பதரைக்கு மேல் கூட்டம் குறையும், அப்போது மேசையில் ஒரு பக்கத்தை ஒதுக்கித் தருகிறேன். முதலாளியிடம் கேட்டுவிட்டேன், சரி என்று சொல்லிவிட்டார். இருட்டு அறையும் டார்ச்சும் இருக்கின்றன. அக்கா மகள் போன வாரம் ஒரு புதுக் குப்பியோடு வந்தாள், இந்தத் தடவை ஆரஞ்சு நிறம், பன்னிரண்டு குழாயில் ஏழில் அது தெளிவாகத் தெரிந்தது. மற்ற ஐந்தில் ஏன் தெரியவில்லை என்று இன்னும் பிடிபடவில்லை. அந்த ஐந்தும் எந்த மாதிரியான ஆட்களுடையது, என்ன மருந்து எடுக்கிறார்கள் என்று பெயரில்லாமல் குறித்து வைத்திருக்கிறோம், வருகிறவர்கள் பார்க்கலாம்.

அன்புடன்,
குளச்சல் பக்கத்து லேப் டெக்னீஷியன் ஒருத்தி